நிலப்படத் தரவுத்தளம்: தக்க பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஒரு கிராமத்தின் நிலவிவரத்தை உள்ளபடி அறிவதற்கு அக்கிராமத்தின் படமே முதற்கருவியாகும். புல எண், உட்பிரிவு, வாய்க்கால், கிணறு, வண்டிப்பாதை ஆகியவை எங்கெங்கே அமைந்துள்ளன என்பதைப் புலப்படமும் கிராமப் படமும் காட்டுகின்றன. நெடுங்காலம் இவை காகிதத்திலும் துணியிலும் தீட்டப்பட்டு, கிராமக் கணக்குக் கட்டோடு வைக்கப்பட்டிருந்தன. மடிப்பில் கிழிந்த படத்தை விரித்து வைத்துக்கொண்டு வரப்பு எதுவென்று வாதாடாத கிராமம் இருந்திருக்க இயலாது. இக்காலத்தில் அப்படங்கள் கணினியில் ஏற்றப்பட்டு, இணையத்தின் வழியாகக் கைபேசியிலும் காணத் தக்கனவாகிவிட்டன.

சர்க்கார் அலுவலகங்கள் மட்டுமன்றி, உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் தத்தம் எல்லைக்குட்பட்ட கிணறுகள், சாகுபடிப் பயிர், மண் பரிசோதனை முடிவுகள் முதலியவற்றைப் படமாக அமைத்து, அங்கத்தினர் யாவரும் பார்க்குமாறு செய்ய விரும்புகின்றன. அவ்வாறு முற்படுவோர் முதலில் தீர்மானிக்க வேண்டுவது, படத்தின் விவரங்களை எந்தத் தரவுத்தளத்தில், அதிலும் எந்தப் பதிப்பில் வைப்பது என்பதாகும். விற்பனையாளர் சொல்வதை நம்பித் தேவைக்கு மிஞ்சிய பதிப்பை வாங்கிப் பணத்தை இழப்போர் ஒரு சாரார். இலவசம் என்ற ஒன்றையே கருதிச் சிறிய பதிப்பை ஏற்று, அதன் வரம்பை அறியாமல் இரண்டாம் வருஷத்தில் இடர்ப்படுவோர் மற்றொரு சாரார். இவ்விரு நஷ்டங்களும் முன்கூட்டி அளந்து பார்ப்பதால் தவிர்க்கத் தக்கவை.

படம் கண்ணுக்கு எட்டும் வழி

இணையத்தில் நிலப்படம் காட்டும் ஏற்பாட்டில் மூன்று அங்கங்கள் உண்டு. முதலாவது தரவுத்தளம். ஒவ்வொரு புலத்தின் மூலைப்புள்ளிகளும், புல எண், விஸ்தீரணம், பயிர் முதலிய விவரங்களும் இதில் வரிசையாகச் சேமிக்கப்படும். இரண்டாவது படச் சர்வர். கேட்பவர் எந்த இடத்தை எந்த அளவில் பார்க்க விரும்புகிறாரோ, அதற்குரிய விவரங்களைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் படமாக வரைந்து அனுப்புவது இதன் வேலை. மூன்றாவது, பார்ப்பவர் கையிலுள்ள கைபேசியோ கணினியோ ஆகும்.

படச் சர்வர்களுள் பழமையானவற்றில் ஒன்றாகிய மேப்சர்வர், அமெரிக்காவின் மினசோட்டா சர்வகலாசாலையில் 1990-களில் உருவாயிற்று. ஜியோசர்வர் 2001-ஆம் வருஷத்தில் நியூயார்க் நகரில் தொடங்கப்பெற்றது. இவை இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. ஆகவே பணச் செலவைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் தரவுத்தளத்திலேயே வந்து நிற்கிறது.

சாதாரணக் கணக்கு வைக்கும் தரவுத்தளத்திற்கும் நிலப்படத் தரவுத்தளத்திற்கும் உள்ள வேறுபாடு யாதெனில், பின்னது இடத்தை அறியும் என்பதே. இந்த வாய்க்காலை ஒட்டிய புலங்கள் எவை, இக்கிணற்றிலிருந்து 200 மீட்டருக்குள் வேறு கிணறு உண்டா, இப்புலத்தின் விஸ்தீரணம் எவ்வளவு என்ற கேள்விகளுக்கு அது விடை தரும். விரைவாக விடை தருவதற்கு இடக்குறியீட்டு அட்டவணை ஒன்றை அது வைத்துக்கொள்கிறது. ஜில்லாவிலிருந்து தாலுகாவும், தாலுகாவிலிருந்து பிர்க்காவும், பிர்க்காவிலிருந்து கிராமமும் என்று படிப்படியாகத் தேடிப் புலத்தை அடைவது போல, இந்த அட்டவணையும் பெரிய கட்டத்திலிருந்து சிறிய கட்டத்திற்கு இறங்கித் தேடுகிறது. இந்த அட்டவணை இல்லாவிடில் ஒரு புலத்தைக் காண ஜில்லா முழுவதையும் புரட்ட வேண்டியதாகும்.

பதிப்புகளின் வேறுபாடு

மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் எஸ்.க்யூ.எல். சர்வரில் நிலப்பட வசதி 2008-ஆம் வருஷத்துப் பதிப்பிலிருந்து வந்தது. இதில் குடியானவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. விலையில்லாத எக்ஸ்பிரஸ் பதிப்பிலும், மிகுந்த விலையுள்ள எண்டர்பிரைஸ் பதிப்பிலும் புலத்தின் எல்லையை வைக்கும் முறையும் விஸ்தீரணம் கணக்கிடும் முறையும் ஒன்றே. பெரிய பதிப்பை வாங்கினால் வரப்பு திருத்தமாக விழும் என்று எண்ணுவது தவறு. வேறுபாடு கொள்ளளவிலும் வேகத்திலுமே உள்ளது.

எக்ஸ்பிரஸ் பதிப்பின் கொள்ளளவு 2008-இல் ஒரு தரவுத்தளத்திற்கு 4 ஜிகாபைட்டாக இருந்தது. 2010-இல் வந்த 2008 ஆர்2 பதிப்பில் அது 10 ஜிகாபைட்டாக உயர்த்தப்பட்டு, 2022-ஆம் வருஷத்துப் பதிப்பு வரையில் அவ்வாறே நின்றது. 2025-ஆம் வருஷத்துப் பதிப்பில் அது 50 ஜிகாபைட்டாயிற்று. இதைக் குதிரின் கொள்ளளவு எனலாம். மதகின் அகலம் போன்றது வேறொரு வரம்பு. எக்ஸ்பிரஸ் பதிப்பு, கணினியில் எத்தனை செயலிகள் இருந்தாலும், ஒரு செயலியில் நான்கு உட்கருக்களுக்கு மேல் பயன்படுத்தாது. நினைவகத்திலும் தரவுக்கென ஏறத்தாழ 1.4 ஜிகாபைட்டையே எடுத்துக்கொள்ளும். 64 ஜிகாபைட் நினைவகமுள்ள கணினியை வாங்கி அதில் இப்பதிப்பை அமைத்தால், மீதி நினைவகம் தரிசு நிலம் போலக் கிடக்கும்.

ஆரக்கிள் தரவுத்தளத்தில் நெடுங்காலம் வேறு ஏற்பாடு இருந்தது. லொகேட்டர் என்ற சுருங்கிய வசதி எல்லாப் பதிப்புகளிலும் சேர்ந்திருக்க, ஸ்பேஷியல் என்ற விரிந்த வசதிக்கு எண்டர்பிரைஸ் பதிப்பும் அதன் மேல் தனிக் கட்டணமும் வேண்டியிருந்தன. 2019 டிசம்பர் முதல் இத்தனிக் கட்டணம் நீக்கப்பட்டது. ஆகவே அதற்கு முற்பட்ட விலைப்பட்டியலையோ ஆலோசனையையோ இன்று ஆதாரமாகக் கொள்ளலாகாது. ஆரக்கிளின் விலையில்லாப் பதிப்பிலும் வரம்புண்டு. 18சி, 21சி எக்ஸ்பிரஸ் பதிப்புகள் 12 ஜிகாபைட் தரவையும் 2 ஜிகாபைட் நினைவகத்தையும் மட்டுமே ஏற்கும். அதற்கு முந்திய 11ஜி எக்ஸ்பிரஸ் பதிப்பில் தரவுத்தளத்தினுள் ஜாவா சேர்க்கப்படவில்லை. அதனால் நிலப்பட வேலைகளுள் ஜாவாவைச் சார்ந்த சில அதில் நடைபெறா. வசதி உண்டு என்று பெயரளவில் எழுதியிருந்தாலும் ஓர் உறுப்பு குறைந்திருக்கக் கூடும் என்பதற்கு இது உதாரணம்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்பது அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலையில் 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது. அதற்கு நிலம் அறியும் திறனைத் தரும் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற சேர்க்கையைக் கனடாவின் விக்டோரியா நகரிலுள்ள ரிஃப்ராக்ஷன்ஸ் ரிசர்ச் என்ற ஸ்தாபனம் 2001-இல் முதன்முதல் வெளியிட்டது. இவற்றுள் சிறிய பதிப்பு, பெரிய பதிப்பு என்ற பாகுபாடே இல்லை. உரிமக் கட்டணமும் இல்லை. சாதாரண அமைப்பில் ஓர் அட்டவணை 32 டெராபைட் வரை வளரலாம். எந்தக் கிராமத்திற்கும் இது எட்டாத எல்லை. ஜியோசர்வரில் போஸ்ட்ஜிஐஎஸ்ஸுடன் பேசும் வசதி உடனிணைந்தே வருகிறது. ஆரக்கிளுக்கும் எஸ்.க்யூ.எல். சர்வருக்கும் தனித்தனி இணைப்புகளைப் பெற்று அமைத்தல் வேண்டும். ஆயினும் கட்டணமில்லை என்பதற்காகச் செலவில்லை என்று முடிவு கட்டலாகாது. அதைப் பராமரிக்கத் தெரிந்தவர் அருகில் இல்லாவிடில், கோளாறு நேரும் நாளில் வெளியூரிலிருந்து ஆளை வரவழைக்கும் செலவு மிகும்.

அளந்து பார்க்கும் கணக்கு

கொள்ளளவு எவ்வளவு வேண்டும் என்பதை ஊகத்தால் அன்றி, விதை நெல்லுக்குக் கணக்கிடுவது போலக் கணக்கிட்டே அறிதல் வேண்டும். ஒரு மூலைப்புள்ளிக்கு இரண்டு எண்கள். எண்ணுக்கு 8 பைட் வீதம் 16 பைட். பன்னிரண்டு மூலையுள்ள புலத்திற்கு 192 பைட். புல எண் முதலிய பிற விவரங்களையும் சேர்த்துத் தாராளமாக 1,000 பைட் என்று கொள்வோம். 2,000 உட்பிரிவுகளுள்ள கிராமத்திற்கு 20 லட்சம் பைட், அதாவது 2 மெகாபைட் ஆகிறது. 800 கிராமங்களுள்ள ஜில்லாவிற்கும் 1.6 ஜிகாபைட்டே ஆகும். இட அட்டவணைக்காக அதை இரட்டித்தாலும் 3.2 ஜிகாபைட்டைத் தாண்டாது. இதிலிருந்து, எல்லைக்கோடுகளை மட்டும் வைக்கும் ஒரு சங்கத்திற்கு மிகச் சிறிய பதிப்பும் போதும் என்பது தெளிவாகும்.

வானிலிருந்து எடுத்த புகைப்படங்களைச் சேர்க்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. ஒரு புள்ளி தரையில் 50 சென்டிமீட்டர் என்ற அளவில் எடுத்த வண்ணப்படத்தில், ஒரு ஹெக்டேருக்கு 40,000 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வீதம் 1,20,000 பைட். 1,000 ஹெக்டேர் பரப்புள்ள கிராமத்திற்குச் சுருக்கப்படாத நிலையில் 120 மெகாபைட். ஐம்பது கிராமங்களுக்கு 6 ஜிகாபைட். இரண்டு போகத்திற்கு இரண்டு முறை எடுத்தால் 12 ஜிகாபைட் ஆகி, 10 ஜிகாபைட் குதிர் வழிந்துவிடும். ட்ரோன் கொண்டு 10 சென்டிமீட்டர் அளவில் எடுப்பதாயின் இருபத்தைந்து மடங்கு வேண்டும். அப்பொழுது ஒரு கிராமத்திற்கே 3 ஜிகாபைட். நான்கு கிராமங்களில் குதிர் நிறைந்து மிஞ்சும்.

இதற்குப் பரிகாரம் பெரிய பதிப்பை வாங்குவதன்று. மேப்சர்வர், ஜியோசர்வர் இரண்டும் புகைப்படங்களைத் தரவுத்தளத்திற்கு வெளியே தனிக் கோப்புகளாக வைத்திருந்தாலும் படித்துக் காட்ட வல்லவை. ஆதலால் புகைப்படம் வட்டில் கோப்பாகவும், எல்லைக்கோடும் விவரமும் தரவுத்தளத்திலுமாகப் பிரித்து வைப்பதே சிக்கனமான முறை.

வரம்பை எட்டினால் நேர்வது

10 ஜிகாபைட் வரம்புள்ள பதிப்பு நிறைந்துவிட்டால் படம் மறைந்துபோவதில்லை. பார்ப்போர்க்கு எல்லாம் பழையபடியே தெரியும். புதிய விவரம் மட்டும் ஏறாது. அபாயம் இதில்தான் உள்ளது. பாகப்பிரிவினை செய்துகொண்ட சகோதரர் இருவரின் உட்பிரிவு பதிவாகாமல், படத்தில் பழைய ஒற்றைப் புலமே நிற்கும். வெள்ளச் சேதத்தைக் கணக்கெடுப்போர் அப்படத்தை நம்பினால், இளையவரின் பங்கு மூத்தவர் பெயரில் சேர்ந்துவிடக் கூடும். கோளாறு வெளிப்படையாகத் தெரிந்தால் உடனே கவனிப்பார்கள். தெரியாத கோளாறு குடும்பத்தில் வழக்கை மூட்டும். ஆகையால் கொள்ளளவில் எழுபது சதவிகிதம் நிறைந்தவுடனேயே எச்சரிக்கை பெறும் ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே செய்துகொள்வது அவசியம்.

இதைப் போன்றதே பிரதி எடுத்து வைக்கும் விஷயமும். எஸ்.க்யூ.எல். சர்வரின் கட்டணப் பதிப்புகளில், குறித்த நேரத்தில் தானே வேலை செய்யும் ஏஜெண்ட் என்ற பகுதி உண்டு. எக்ஸ்பிரஸ் பதிப்பில் இல்லை. விண்டோஸிலுள்ள நேரக்குறிப்பு வசதியைக் கொண்டு அவ்வேலையைச் செய்விக்கலாம். ஆனால் ஒருவர் நினைவாக அதை அமைத்தாக வேண்டும். அமைக்காமல் விட்டு, வட்டு பழுதானால், பல வருஷத்து உழைப்பு ஒரே இரவில் போய்விடும்.

எந்தப் பதிப்பும் திருத்தாத பிழைகள்

எல்லை பிசகுவதற்குக் காரணம் பெரும்பாலும் பதிப்பன்று. ஆள்கூறுகளை ஏற்றும் முறையே. அடியிற்கண்ட நான்கு பிழைகளையும் கிராம உத்தியோகஸ்தர்கள் அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறுவது. திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ வடக்கு 10.8 பாகையிலும் கிழக்கு 78.7 பாகையிலும் உள்ளது. இவற்றை மாற்றி ஏற்றினால், காவிரிக் கரைப் புலம் வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவுகளின் பக்கத்தில் போய் நிற்கும். சில மென்பொருள்கள் அட்சரேகையை முதலிலும் சில தீர்க்கரேகையை முதலிலும் எதிர்பார்ப்பதே இதற்குக் காரணம்.

இரண்டாவது, வலயம் மாறுவது. மீட்டர் அளவில் படம் வரைவதற்குப் பூமியை 6 பாகை அகலமுள்ள வலயங்களாகப் பிரித்துள்ளனர். 43-ஆம் வலயத்திற்கும் 44-ஆம் வலயத்திற்கும் எல்லையாகிய கிழக்கு 78 பாகைக் கோடு தமிழ்நாட்டின் நடுவே செல்கிறது. கோயமுத்தூர் 43-ஆம் வலயத்திலும், மதுரையும் திருச்சிராப்பள்ளியும் 44-ஆம் வலயத்திலும் அடங்கும். ஒரே ஜில்லாவின் கிராமங்கள் இரு வலயங்களில் விழக்கூடுமாதலால், எந்த வலயத்தில் அளந்தது என்பதை ஒவ்வொரு கிராமத்திற்கும் எழுதி வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, பாகையிலேயே விஸ்தீரணம் கணக்கிடுவது. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர், அதாவது 40.47 ஆர். பாகையில் உள்ள எண்களைத் தட்டைக் காகிதத்து எண்களாகக் கொண்டு பெருக்கினால் 0.0000003 என்பது போன்ற பொருளற்ற விடை வரும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், 2018-இல் வந்த 8.0 பதிப்புக்கு முன், பூமியின் வளைவைக் கருதாமல் விஸ்தீரணத்தைத் தட்டையாகவே கணக்கிட்டு வந்தது. பழைய பதிப்பை இன்னும் வைத்திருப்போர் இதை நினைவிற்கொள்க.

நான்காவது, எல்லையைச் சுற்றும் திசை. எஸ்.க்யூ.எல். சர்வரில் பூகோள முறையில் புலத்தை ஏற்றும்போது, மூலைகளைக் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் வரிசையாகத் தருதல் வேண்டும். திசையை மாற்றிவிட்டால், வேலிக்கு உட்பட்ட நிலத்தை விட்டு, வேலிக்கு வெளியேயுள்ள உலகம் முழுவதையும் அது புலமாகக் கொள்ளும். 2008-ஆம் வருஷத்துப் பதிப்பு அத்தகைய புலத்தை ஏற்க மறுத்துவிடும். 2012 முதலான பதிப்புகள் ஏற்றுக்கொள்வதால், ஏற்றுபவரே சோதித்தறிய வேண்டும்.

இவற்றோடு மற்றொன்றும் கருதத் தக்கது. புலப்படத்திலுள்ள அளவுகள் அளவுக்கோட்டையும் அதிலிருந்து எடுத்த குறுக்களவுகளையும் கொண்டவை. அட்சரேகை, தீர்க்கரேகை கொண்டவை அல்ல. அவற்றைப் பூமியின் மேல் உரிய இடத்தில் பொருத்துவதற்கு, முச்சந்திக் கல் போன்ற நிலையான புள்ளிகளைக் களத்தில் அளந்தெடுத்தல் வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் விலையுயர்ந்த பதிப்பை வாங்குவது, நிலத்தைச் சமன்செய்யாமல் உயர்ந்த எஞ்சின் வைத்து நீர் இறைப்பதற்கு ஒப்பாகும்.

தேர்வு செய்யும் முறை

பதிப்பைத் தீர்மானிக்குமுன் ஒரு கிராமத்தை மட்டும் ஏற்றி ஒத்திகை பார்ப்பது உத்தமம். எஸ்.க்யூ.எல். சர்வரின் டெவலப்பர் பதிப்பு எல்லா வசதிகளோடும் விலையின்றிக் கிடைக்கிறது. ஆயினும் அது சோதனைக்கு மட்டுமே உரியது. பொது ஜனங்களுக்குப் படம் காட்டும் நிரந்தர வேலைக்கு அதை வைப்பது உரிமத்திற்கு மாறானது. போஸ்ட்ஜிஐஎஸ்ஸுக்கு அத்தகைய தடை இல்லை. ஒத்திகையில் பின்வருவனவற்றைப் பார்க்கலாம்.

1. கிராமத்தின் மூன்று மூலைகளில் உள்ள எல்லைக் கற்களுக்கு நேரில் சென்று, படம் காட்டும் இடமும் கல் நிற்கும் இடமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தல்.

2. பத்துப் புலங்களின் விஸ்தீரணத்தை 'அ' பதிவேட்டோடு ஒப்பிடுதல்.

3. இருபது பேர் ஒரே சமயத்தில் கைபேசியில் படத்தைத் திறந்து, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று குறித்தல். தாமதமாயின், பதிப்பை மாற்றுமுன் இட அட்டவணை உண்டா என்று பார்ப்பதும், அடிக்கடி கேட்கப்படும் படத்துண்டுகளைச் சர்வரிலேயே முன்கூட்டி வரைந்து வைப்பதும் முறை. பெரும்பாலும் இவ்விரண்டினாலேயே தாமதம் தீரும்.

4. பிரதியை வேறொரு கணினியில் ஏற்றி, படம் முழுமையாகத் திரும்புகிறதா என்று சோதித்தல். திரும்ப ஏற்றிப் பார்க்காத பிரதியை நம்புதல் ஆகாது.

5. விவரங்கள் அனைத்தையும் மற்றத் தரவுத்தளங்கள் படிக்கத்தக்க பொதுவான கோப்பு வடிவில் வெளியே எடுக்க முடிகிறதா என்று பார்த்தல். இது முடியுமாயின், இன்று சிறிய பதிப்பைக் கொண்டு தொடங்கினும் நாளை வேறிடம் செல்வதற்குத் தடையிராது.

இச்சோதனைகளின் முடிவில், எல்லைக்கோடும் பயிர் விவரமும் மட்டும் வைக்கும் சிறு சங்கம் எந்த விலையில்லாப் பதிப்பையும் அச்சமின்றிக் கொள்ளலாம். புதிதாகத் தொடங்குவோர்க்கும், தரவு எவ்வளவு வளரும் என்று வரையறுக்க இயலாதோர்க்கும் வரம்பற்ற போஸ்ட்ஜிஐஎஸ் அனுகூலமானது. ஏற்கெனவே ஆரக்கிளிலோ எஸ்.க்யூ.எல். சர்வரிலோ கணக்குகளை வைத்து, அவற்றில் தேர்ந்த ஆட்களையும் உடைய அலுவலகம் அதிலேயே படத்தையும் வைப்பது தக்கது. கட்டணப் பதிப்பைக் கருதுவோர், எஸ்.க்யூ.எல். சர்வரில் உரிமம் உட்கருக் கணக்கில் விற்கப்படுகிறது என்பதையும், ஒரு செயலிக்குக் குறைந்தது நான்கு உட்கருக்களுக்கு உரிமம் வாங்கியாக வேண்டும் என்பதையும் அறிந்து செலவைக் கணக்கிடுதல் வேண்டும்.

இறுதியாக, இணையத்தில் தெரியும் படம் பார்வைக்கு உதவுவதேயன்றி, நில உரிமைக்கு ஆதாரம் அன்று. எல்லைத் தகராறு நேர்ந்தால் நில அளவைத் துறையின் பதிவேடும், களத்தில் நடத்தும் அளவையுமே தீர்ப்புக்கு உரியவை. ஆயினும் திருத்தமான படம் தகராறு எழுமுன்பே பலவற்றைத் தடுக்க வல்லது. பெரிய பதிப்பிற்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எல்லைக் கற்களை அளப்பதற்கும், பிரதி வைக்கும் வட்டிற்கும், அதைக் கவனிக்கும் ஆளின் பயிற்சிக்கும் செலவிடும் சங்கம், தன் அங்கத்தினரின் வரப்பைக் காத்ததாகும். விரலுக்குத் தக்க வீக்கமே வேண்டப்படுவது. அவ்விரலின் அளவை அறிவதற்கு ஒரு கிராமத்து ஒத்திகை போதுமானது.